சப்சோனிக் தோட்டாவும் சைலன்சர் மாட்டிய ரைஃபிளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சரும், ஒலியைவிட மெதுவாகப் பறக்கும் சப்சோனிக் தோட்டாவும் அமெரிக்கா, ஃபின்லாந்து, பிரிட்டன் போன்ற நாடுகளில் உரிமம் வைத்துச் சுடுபவர்கள் மத்தியில் புழங்கும் விஷயம். தமிழில் எழுதப்பட்டது குறைவு. சினிமா பார்த்து மனதில் பதிந்ததுதான் பலருக்கும் தெரியும். கீழே 'தோட்டா' என்று சொல்வது கேப், மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழு ரவுண்டை. 'குண்டு' என்பது பேரலை (துப்பாக்கிக் குழலை) விட்டுப் பறந்து போகும் பகுதியை மட்டும்.

சைலன்சர் மாட்டினால் துப்பாக்கி சத்தமே போடாதா?

போடும். ஒரு .308 ரைஃபிள் (புள்ளியோடு வரும் இந்த எண்கள் ஏறத்தாழ குண்டின் விட்டம், அங்குலத்தில்) வெறுமனே சுடும்போது வாய்ப்பக்கம் 165 டெசிபலுக்கு மேல் போகிறது. நல்ல சைலன்சர் அதில் 25 முதல் 35 வரை குறைக்கும். மிச்சம் 130-க்கு மேல். நம் ஊர்ச் சட்டப்படி பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் உச்சச் சத்தம் 145 டெசிபலைத் தாண்டக் கூடாது. துப்பாக்கியை அளப்பது 1 மீட்டர் பக்கத்தில். ஆக, சைலன்சர் மாட்டிய .308 தீபாவளி அணுகுண்டைவிடச் சாது என்று வேண்டுமானால் சொல்லலாம். பக்கத்து அறையில் இருப்பவருக்குத் தெரியாமல் சுடுவது என்பதெல்லாம் திரையில் மட்டும்தான்.

டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கழித்தல் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 10 குறைந்தாலே காதுக்குச் சத்தம் ஏறக்குறைய பாதியானதுபோல் இருக்கும். 30 குறைவது பெரிய விஷயம். ஆனால் அது மௌனம் அல்ல.

அப்படியானால் சப்சோனிக் தோட்டா எதற்கு?

ஒரு முறை சுட்டால் மூன்று சத்தங்கள் வருகின்றன. காதுக்கு ஒன்றாகக் கேட்பதால் நாம் பிரித்துப் பார்ப்பதில்லை.

முதலாவது, பேரலின் வாயிலிருந்து அழுத்தத்தோடு பீறிட்டு வரும் சூடான வாயு. சைலன்சர் வேலை செய்வது இதன்மேல் மட்டும்தான். உள்ளே இருக்கும் அறைகளிலும் தடுப்புத் தட்டுகளிலும் வாயு சுழன்று, விரிந்து, சூடு இறங்கி, மெதுவாக வெளியே வருகிறது.

இரண்டாவது, குண்டு ஒலியைவிட வேகமாகப் பறந்தால் அது காற்றைக் கிழிக்கும் 'டப்பீர்' சத்தம். சாட்டையைச் சொடுக்குவது போன்ற இந்த வெடிப்பு குண்டு போகும் வழி நெடுக அதன் கூடவே போகும். பேரலின் நுனியில் என்ன மாட்டினாலும் இதைத் தொடக்கூட முடியாது, ஏனென்றால் இது பிறப்பதே வெளியில்தான்.

மூன்றாவது, இரும்போடு இரும்பு மோதும் சத்தம். செமி ஆட்டோ (அடுத்த ரவுண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும்) துப்பாக்கியில் போல்ட், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம், பின்னால் போய் முன்னால் வந்து அடிக்கும் 'கிளாக்'. கூடவே, காலி கேஸ் (சுட்டபின் மிஞ்சும் தோட்டாக் கூடு) வெளியேறும் வாசல் வழியாகக் கொஞ்சம் வாயுவும் கசியும்.

முதல் சத்தத்துக்கு சைலன்சர், இரண்டாவதுக்கு சப்சோனிக் தோட்டா, மூன்றாவதுக்கு கையால் இழுக்கும் போல்ட் ரைஃபிள். இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் சரிசெய்பவர்கள்தான் "இவ்வளவு காசு கொடுத்து வாங்கினேன், இன்னும் வெடிக்கிறதே" என்று கேட்கிறார்கள்.

சப்சோனிக் என்றால் எவ்வளவு வேகம்?

ஒலியின் வேகத்துக்குக் கீழே. 20 டிகிரி செல்சியஸில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர், அதாவது சுமார் 1,125 அடி. கடைகளில் விற்கும் சப்சோனிக் தோட்டாக்கள் பெரும்பாலும் 300 முதல் 325 மீட்டருக்குள் வைத்துத் தயாரிக்கப்படுகின்றன.

ஆனால் ஒலியின் வேகம் நிலையான எண் இல்லை. காற்றின் வெப்பநிலையோடு ஏறி இறங்கும். 35 டிகிரி வெயிலில் 352 மீட்டர். பூஜ்ஜியத்தில் 331. ஃபின்லாந்துக் குளிர்காலத்தின் மைனஸ் 20-இல் 319. இப்போது .22 ரைஃபிளில் பரவலாக ஓடும் 'ஸ்டாண்டர்டு வெலாசிட்டி' தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் 1,070 அடி, அதாவது 326 மீட்டர் என்று போட்டிருக்கும். கோடையில் அது சப்சோனிக். அதே தோட்டா அந்தக் குளிரில் எல்லையைத் தாண்டிவிடலாம். குளிரில் மருந்தும் சற்று மந்தமாக எரிவதால் சில ரவுண்டு வெடிக்கும், சில ரவுண்டு வெடிக்காது. ஒரே டப்பாவில் இப்படிக் கலந்து வந்தால் தோட்டாவில் கோளாறு என்று முடிவு கட்டாமல் முதலில் தெர்மாமீட்டரைப் பாருங்கள்.

உயரமான இடம் என்றால் வேறுபடுமா என்றும் கேட்பார்கள். மலை மேல் ஒலி மெதுவாகப் போவது அங்கே குளிர் என்பதால்தான்.

எந்தத் தோட்டா இதற்குப் பொருத்தம்?

வேகத்தைக் கூட்ட முடியாது என்று ஆகிவிட்டால் மிச்சம் இருப்பது எடை ஒன்றுதான். அதனால்தான் சப்சோனிக் குண்டுகள் எல்லாம் நீளமாக, கனமாக இருக்கின்றன.

.22 எல்ஆர் (லாங் ரைஃபிள்): 40 கிரெயின், அதாவது 2.6 கிராம் குண்டு. விலை குறைவு, உதைப்பு இல்லை. போல்ட் ரைஃபிளில் சைலன்சரோடு சுட்டால் சுமார் 115 டெசிபல். சுடுகிறவர் காதுக்கு ஃபயரிங் பின் (கேப்பைத் தட்டும் ஊசி) அடிப்பதும், அப்புறம் குண்டு இலக்கில் மோதுவதும் தனித்தனியாகக் கேட்கும். என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்குபவர் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

.300 பிளாக்அவுட்: ஏஆர்-15 வகை செமி ஆட்டோ ரைஃபிளுக்காகவே யோசித்துச் செய்தது. அட்வான்ஸ்டு ஆர்மமென்ட் நிறுவனம் உருவாக்கி, 2011-இல் அமெரிக்கத் தர அமைப்பான SAAMI-யின் அங்கீகாரம் பெற்றது. அதற்கு முன்பே ஜே.டி. ஜோன்ஸ் என்பவர் செய்துவைத்த .300 விஸ்பர் இதன் முன்னோடி. .223 ரைஃபிள் தோட்டாவின் கேஸை வெட்டிச் சின்னதாக்கி, வாயை அகலமாக்கி, .30 அளவுக் குண்டு பொருத்தியிருக்கிறார்கள். 220 கிரெயின் குண்டு போட்டால் சுமார் 308 மீட்டர் வேகத்தில் சப்சோனிக். 125 கிரெயின் போட்டால் 670 மீட்டர் வாக்கில் சூப்பர்சோனிக், அதாவது ஒலியைவிட வேகம். துப்பாக்கியில் எதையும் மாற்ற வேண்டாம், மேகசினை (தோட்டா அடுக்கிய பெட்டியை) மாற்றினால் போதும்.

.308: முடியும். ஆனால் அவ்வளவு பெரிய கேஸுக்குள் இத்தனூண்டு மருந்து கிடந்து உருளும். ஒரு ரவுண்டில் கேப் பக்கம் சேர்ந்திருக்கும், அடுத்ததில் குண்டுப் பக்கம். வேகம் ரவுண்டுக்கு ரவுண்டு மாறும். .300 பிளாக்அவுட்டின் கேஸ் சின்னதாக இருப்பதன் அருமை இங்கேதான் தெரியும்.

இராணுவப் பக்கம் போனால் இரண்டு உதாரணங்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்களுக்காகச் செய்த டி லிஸ்ல் கார்பைன், லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் உடம்பில் .45 பிஸ்டல் தோட்டாவைச் சுடும். 15 கிராம் குண்டு, இயல்பிலேயே ஒலிவேகத்துக்குக் கீழே. போல்ட்டைக் கையால்தான் இழுக்க வேண்டும். மேலே சொன்ன மூன்று சத்தங்களையும் 1940-களிலேயே ஒன்றாகக் கட்டிப்போட்ட துப்பாக்கி அது. செய்தது நூற்றுச் சொச்சம்தான். சோவியத் யூனியன் 1980-களில் 9×39 மில்லிமீட்டர் தோட்டாவை உருவாக்கியது. ஏகே துப்பாக்கியின் 7.62×39 கேஸை அகலப்படுத்தி 16 கிராம் குண்டை 290 மீட்டர் வாக்கில் அனுப்பும். வின்டோரெஸ் ரைஃபிளும் ஆஸ் வால் துப்பாக்கியும் இதற்காகவே பிறந்தவை.

.300 பிளாக்அவுட் தோட்டா .223 ரைஃபிளில் போகுமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். போகும், அதுதான் ஆபத்து. இரண்டுக்கும் ஒரே மேகசின், ஒரே போல்ட். பார்வைக்கும் கிட்டத்தட்ட ஒன்று. சில .300 தோட்டாக்கள் .223 பேரலுக்குள் உட்கார்ந்து போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். சுட்டால் 7.8 மில்லிமீட்டர் குண்டு 5.7 மில்லிமீட்டர் ஓட்டைக்குள் போக முடியாமல் அழுத்தம் முழுவதும் பின்னால் திரும்பும். மேகசின் கீழே பிய்த்துக்கொண்டு போகும், ரிசீவர் (துப்பாக்கியின் உடல்) பிளக்கும், சுட்டவர் கண் தப்பினால் அதிர்ஷ்டம்.

இரண்டு ரைஃபிளும் வைத்திருப்பவர்கள் .300-க்கு வேறு நிற மேகசின் வைத்து, அதில் பட்டையும் ஒட்டிவைப்பார்கள். அதைவிட நல்ல வழி, இரண்டையும் ஒரே நாளில் ரேஞ்சுக்கு (சுடும் மைதானத்துக்கு) கொண்டுபோகாமல் இருப்பது.

செமி ஆட்டோவில் சப்சோனிக் போட்டால் அடுத்த ரவுண்டு ஏறவில்லையே?

போல்ட்டைத் தள்ளுவது பேரலிலிருந்து திருடும் வாயு. சப்சோனிக்கில் மருந்தே குறைவு, அழுத்தமும் குறைவு, போல்ட் பாதி வழியில் நின்றுவிடும். .300 பிளாக்அவுட் ரைஃபிள்களில் வாயு எடுக்கும் துளையை சேம்பருக்கு (தோட்டா உட்காரும் அறைக்கு) அருகிலேயே வைப்பது இதனால்தான். சைலன்சர் மாட்டியதும் உள்ளே அழுத்தம் கொஞ்சம் அதிக நேரம் தங்குவதால், வெறுமனே ஓடாத துப்பாக்கி மாட்டிய பிறகு ஓடத் தொடங்குவதும் உண்டு. ஆனால் அதே அமைப்பில் சூப்பர்சோனிக் தோட்டாவைப் போட்டால் வாயு தேவைக்கு மேல் வந்து போல்ட் முரட்டுத்தனமாக அடிக்கும், முகத்தில் புகை வரும். வாயுவைக் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ள வாயு பிளாக் (gas block) வாங்கினால் இரண்டுக்கும் ஒத்துப்போக வைக்கலாம்.

குண்டு சைலன்சருக்குள் மோதும் என்கிறார்களே?

மோதும். காரணங்கள் இரண்டு.

ஒன்று, குண்டு சரியாகச் சுழலாதது. பேரலுக்குள் சுருளாக வெட்டிய வரிகள்தான் குண்டைச் சுழலவைக்கின்றன. குண்டு நீளமாக நீளமாக அதற்கு இன்னும் வேகமான சுழற்சி வேண்டும். .308 ரைஃபிள்களில் பழைய பேரல்கள் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 150 கிரெயின் குண்டுக்கு அது தாராளம். அதிலேயே 220 கிரெயின் சப்சோனிக்கை விட்டால் குண்டு தள்ளாடியபடி வெளியே வரும். .300 பிளாக்அவுட்டில் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று வழக்கம், 7 அங்குலமும் உண்டு.

இதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி இருக்கிறது. முதலில் சைலன்சர் இல்லாமல் 25 மீட்டரிலும் 50 மீட்டரிலும் காகித இலக்கில் சுடுங்கள். ஓட்டை சுத்தமான வட்டமாக இருக்க வேண்டும். முட்டை வடிவில் இருந்தாலோ, ஒரு பக்கம் சாவித்துவாரம்போல் இழுத்திருந்தாலோ குண்டு பக்கவாட்டில் போகிறது என்று அர்த்தம். அந்தத் தோட்டாவை அந்தப் பேரலில் சைலன்சரோடு சுடவே கூடாது.

இரண்டாவது, சைலன்சர் கோணலாக உட்கார்ந்திருப்பது. மரை தேய்ந்திருக்கலாம், சைலன்சர் வந்து முட்டும் பேரல் விளிம்பில் அழுக்கு இருக்கலாம், சுடச்சுட மரை கழன்றிருக்கலாம். பேரலுக்குள் விட்டுப் பார்க்கும் நேர்க்கம்பி கிடைக்கிறது. மாட்டியபின் அதை விட்டு, கம்பி சைலன்சர் துளையின் நடுவில் வருகிறதா என்று பாருங்கள். துப்பாக்கி காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. துளை அளவும் முக்கியம்: .22 சைலன்சரை .30 ரைஃபிளில் மாட்ட மரை அனுமதிக்காது, ஆனால் அடாப்டர் விற்பவர்கள் அனுமதிப்பார்கள்.

எவ்வளவு தூரம் வரை சுடலாம்?

100 மீட்டர் வரை நிம்மதி. 150 வரை கணக்கு. அதற்கு மேல் போனால் தூரம் அளக்கும் கருவி இல்லாமல் சுடுவது குருட்டாம்போக்கு.

100 மீட்டரில் ஜீரோ செய்த (அந்தத் தூரத்தில் குறியிலேயே படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்த) .300 பிளாக்அவுட் சப்சோனிக், 200 மீட்டரில் ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே விழும். அதே துப்பாக்கியில் சூப்பர்சோனிக் ஓர் அடி அளவுக்குத்தான் இறங்கும். ஆனால் இறக்கம்கூடப் பிரச்சினை இல்லை, ஸ்கோப்பில் திருகிவிடலாம். சிக்கல் குண்டு வந்து விழும் சரிவில் இருக்கிறது. 150 மீட்டரில் இருக்கும் இலக்கை 160 என்று தப்பாக மதிப்பிட்டால், அந்த 10 மீட்டர் தவறே ஏறக்குறைய எட்டு சென்டிமீட்டர் மேலே கொண்டுபோய்விடும். 200-இல் அதே தவறுக்கு பதினொன்று பன்னிரண்டு.

சைலன்சரை மாட்டினாலும் கழற்றினாலும் குண்டு படும் இடம் நகரும். எதோடு சுடப் போகிறீர்களோ அதோடு ஜீரோ செய்யுங்கள்.

வேட்டைக்குப் போதுமா?

முயல், அணில் போன்றவற்றுக்கு .22 சப்சோனிக் பல காலமாக ஓடுகிறது. மானுக்கு என்றால் நான் தயங்குவேன்.

கணக்கைப் பாருங்கள். 220 கிரெயின் .300 சப்சோனிக்கின் ஆற்றல் 680 ஜூல் வாக்கில். அதே துப்பாக்கியின் சூப்பர்சோனிக் 1,800-ஐத் தாண்டும். .308 என்றால் 3,500. இங்கிலாந்தில் பெரிய வகை மான்களைச் சுட 1,700 அடி-பவுண்டு, அதாவது 2,300 ஜூலாவது வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சப்சோனிக் அதன் பக்கத்தில்கூட வராது.

ஆற்றலைவிடப் பெரிய பிரச்சினை குண்டு விரியாதது. சாதாரண வேட்டைக் குண்டு 550, 600 மீட்டர் வேகத்தில் மோதும்போது காளான்போல் விரியும்படி செய்யப்பட்டது. 300 மீட்டரில் அது பென்சில்போலத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். விலங்கு ஓடி, எங்கோ போய் மெதுவாகச் சாகும். இதற்காகவே குறைந்த வேகத்தில் விரியும் ஹார்னடி சப்-எக்ஸ் போன்ற குண்டுகள் வந்திருக்கின்றன. அவற்றோடு, 75 மீட்டருக்குள், காட்டுப்பன்றிக்குச் சுடுபவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். மலிவான ரேஞ்சுத் தோட்டாவைக் காட்டுக்குக் கொண்டுபோவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

இன்னொன்று, மெதுவான கனமான குண்டு கல்லிலோ உறைந்த தரையிலோ பட்டால் உடையாது, தெறிக்கும். அது சீறிக்கொண்டு போவது சைலன்சரோடு நன்றாகவே கேட்கும். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் சுடாதீர்கள்.

முதல் ரவுண்டு மட்டும் ஏன் சத்தமாக இருக்கிறது?

சைலன்சருக்குள் இருக்கும் காற்றில் ஆக்ஸிஜன் இருக்கிறது. முதல் ரவுண்டின் எரியாத வாயு அதோடு சேர்ந்து உள்ளேயே ஒரு முறை எரிகிறது. இரண்டாவது ரவுண்டுக்குள் ஆக்ஸிஜன் தீர்ந்துவிடும். கொஞ்சம் நேரம் விட்டால் காற்று மறுபடி நிறைந்துவிடும். கோளாறு ஒன்றும் இல்லை.

காதுக்கு ஏதாவது மாட்ட வேண்டுமா?

ஒற்றை வெடிச் சத்தத்துக்கு 140 டெசிபலை எல்லையாக வைக்கிறார்கள். சைலன்சரும் சப்சோனிக்கும் சேர்ந்தால் அதற்குக் கீழேதான். ஆனாலும் ரேஞ்சில் பக்கத்து ஆள் சைலன்சர் இல்லாமல் .308 சுடுவார். மாட்டுங்கள்.

'புஸ்' என்று மட்டும் சத்தம் வந்தது. அடுத்ததைச் சுடலாமா?

கூடவே கூடாது. குண்டு பேரலுக்குள் மாட்டியிருக்கலாம். சாதாரணத் தோட்டாவில் சத்தத்தின் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். சைலன்சர், சப்சோனிக் கூட்டணியில் எல்லாமே அடக்கமாக இருப்பதால் இதைத் தவறவிடுவது எளிது. துப்பாக்கியை இலக்குப் பக்கமே அரை நிமிடம் பிடித்திருந்து, பிறகு காலி செய்து, போல்ட்டைக் கழற்றிப் பேரலில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். இலக்கில் ஓட்டை இல்லாத ஒவ்வொரு ரவுண்டையும் சந்தேகப்படுவது நல்ல பழக்கம். சொந்தமாகத் தோட்டா தயாரிப்பவர்கள் மருந்தைத் தாங்களாகவே குறைத்துப் பார்க்கும்போது இது அதிகம் நடக்கிறது. பதிப்பித்த அளவுகளுக்குக் கீழே போகாதீர்கள்.

சுத்தம் செய்வது எப்படி?

.30 சைலன்சர்களில் சூடும் அழுத்தமும் பெரும்பாலானதை எரித்துவிடும். .22-இல் அப்படி இல்லை. அதன் குண்டுக்கு ஜாக்கெட் (கெட்டியான உலோக உறை) கிடையாது, ஈயமும் மெழுகும் தட்டுகளில் அப்பிக்கொள்ளும். சில நூறு ரவுண்டுக்கு ஒரு முறை பிரிக்காவிட்டால் அப்புறம் பிரிக்கவே வராது. வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊறவைத்தால் பளிச்சென்று ஆகும் என்று சொல்வார்கள். ஆகும்தான். ஆனால் அந்தக் கரைசலில் உருவாவது ஈய அசிடேட், தோல் வழியாகக்கூட உடம்பில் ஏறும் விஷம். வீட்டுச் சாக்கடையில் கொட்டவும் கூடாது. கையுறையும் பிரஷ்ஷும் போதும்.

சைலன்சரைக் கண்டுபிடித்தது யார்? அமெரிக்காவில் சட்டம் என்ன?

ஹைரம் பெர்சி மாக்சிம். 1909-இல் காப்புரிமை பெற்றார். இயந்திரத் துப்பாக்கி கண்டுபிடித்த மாக்சிமின் மகன். கார் எஞ்சினுக்கான சைலன்சரிலும் இவர் கை இருக்கிறது. அமெரிக்க அதிபராக இருந்த தியடோர் ரூஸ்வெல்ட்கூடத் தன் வின்செஸ்டர் ரைஃபிளில் மாக்சிம் சைலன்சர் மாட்டியிருந்தார்.

1934-இன் தேசியத் துப்பாக்கிச் சட்டம் ஒவ்வொரு சைலன்சருக்கும் 200 டாலர் வரி போட்டது. அந்தக் காலத்தில் அது சைலன்சரின் விலையைவிடப் பல மடங்கு. 2026 ஜனவரி 1 முதல் அந்த வரி பூஜ்ஜியம். ஆனால் கைரேகை, புகைப்படம், பதிவு, அனுமதி எல்லாம் அப்படியே இருக்கின்றன. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி உள்ளிட்ட 8 மாநிலங்களில் பொதுமக்கள் வைத்திருக்கவே முடியாது. ஃபின்லாந்து, நார்வே, நியூசிலாந்து வேட்டைக்காரர்களிடமோ இது சாதாரணமாகப் புழங்குகிறது. அங்கே இதைக் காதுக்கும் அக்கம்பக்கத்துக்கும் செய்யும் மரியாதையாகவே பார்க்கிறார்கள்.

ஒலிம்பிக்கிலும் சப்சோனிக்தான் சுடுகிறார்களா?

ஆமாம், 50 மீட்டர் ரைஃபிளில். பாரிஸ் 2024-இல் இந்தியாவின் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இந்தப் போட்டியில்தான். அங்கே சைலன்சர் கிடையாது, சத்தத்தைப் பற்றி யாருக்கும் கவலையும் இல்லை. குண்டு ஒலிவேகத்துக்கு மேலே கிளம்பி வழியில் கீழே இறங்கினால், அந்த எல்லையைக் கடக்கும்போது காற்றில் ஆட்டம் காணும். .22 போன்ற சின்னக் குண்டுக்கு அது 50 மீட்டரை ஒட்டியே நடக்கும். ஆரம்பத்திலேயே எல்லைக்குக் கீழே வைத்துவிட்டால் ஆட்டமே இல்லை. சைலன்சர் வாங்காதவர்களும் சப்சோனிக் .22 வாங்க இதுவே காரணம்.

இந்தியாவில் உரிமம் உள்ளவர் சைலன்சர் வாங்கலாமா?

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கி என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே, சத்தத்தையோ தீப்பொறியையோ குறைக்கும் துணைக்கருவியும் அடக்கம். அதாவது எதிலும் மாட்டாமல் மேசை டிராயரில் கிடந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது ஒரு துப்பாக்கி. ரைஃபிளுக்கு வாங்கிய உரிமம் அதற்கும் சேர்த்து என்று நினைத்துக்கொண்டு வெளிநாட்டிலிருந்து பெட்டியில் எடுத்து வந்தால், விமான நிலையத்திலேயே ஆயுத வழக்குதான்.